வேலூரில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப்: ஏமாறாமல், திருட்டுப் பொருளில் சிக்காமல் வாங்குவது எப்படி?

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரைக்கும் வேலூரிலும் காட்பாடியிலும் பழைய லேப்டாப் வியாபாரம் சூடு பிடிக்கும். விஐடியில் படிப்பு முடிந்து ஊருக்குப் போகிறவர்கள் சைக்கிள், டேபிள் ஃபேன், லேப்டாப் என்று இருப்பதை விற்றுவிட்டுக் கிளம்புவார்கள். அதே நேரத்தில் ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் பக்கத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளையைக் காலேஜில் சேர்க்கிற குடும்பங்கள் கைக்கு அடக்கமான விலையில் ஒரு லேப்டாப் தேடும். நல்ல பொருள் நியாயமான விலைக்குக் கிடைப்பது இந்த மாதங்களில்தான். திருட்டு லேப்டாப்பை யார் கண்ணிலும் படாமல் தள்ளிவிட வசதியான மாதங்களும் இவையேதான்.

வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ரேம் எவ்வளவு, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று மெஷினைத்தான் துருவுகிறார்கள். இது விற்பவருடையதுதானா என்ற கேள்வி கடைசியில் வருகிறது, சில சமயம் வருவதே இல்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பேட்டரி போனால் சில ஆயிரம் ரூபாயில் மாற்றிக்கொள்ளலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தால் லேப்டாப்பும் போகும், கொடுத்த பணமும் போகும், ஸ்டேஷனுக்கும் நடக்க வேண்டியிருக்கும்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், 27-ஆம் பிரிவின்படி, தனக்கு உரிமை இல்லாத பொருளை விற்பவரால் பொதுவாக உங்களுக்கும் உரிமையைத் தர முடியாது. நீங்கள் முழுப் பணம் கொடுத்திருந்தாலும், விவரம் தெரியாமலே வாங்கியிருந்தாலும் பொருள் உண்மையான சொந்தக்காரருக்குத்தான் சேரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையில்லாமல் வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதில் ‘நம்பக் காரணம் இருந்தோ’ என்ற பகுதியைக் கவனியுங்கள். புதிதாக 60,000 ரூபாய்க்கு விற்கிற மாடலை, பில் இல்லாமல், பெயர் சொல்லாத ஆளிடம், பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் 9,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டு ‘எனக்குத் தெரியாது சார்’ என்று சொன்னால் அது எடுபடுவது கஷ்டம்.

பைக்குக்கு ஆர்சி புக் இருப்பது மாதிரி லேப்டாப்புக்கு ஒன்றும் கிடையாது. தொலைந்த போனை ஐஎம்இஐ வைத்து முடக்கும் சிஇஐஆர் போன்ற பொது ஏற்பாடும் சாதாரண லேப்டாப்புக்கு இல்லை. ‘இது திருட்டுப் பொருள் இல்லை’ என்று எந்த வெப்சைட்டும் உறுதி தராது. ஆகவே பில், சீரியல் நம்பர், விற்பவரின் அடையாளம் மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதுதான் நமக்கு இருக்கிற வழி.

பார்க்கப் போவதற்கு முன்பே

விளம்பரத்தைப் பார்த்து மெசேஜ் அனுப்பியதும் மூன்று விஷயம் கேளுங்கள். அடியில் உள்ள ஸ்டிக்கரின் போட்டோ, பில்லின் போட்டோ, இன்றைய தேதியை ஒரு தாளில் எழுதி லேப்டாப் மேல் வைத்து எடுத்த போட்டோ. கடைசியில் சொன்னதற்குக் காரணம், இணையத்தில் எடுத்த படத்தைப் போட்டு விளம்பரம் செய்கிறவரால் அதைத் தர முடியாது. உண்மையாக விற்கிறவருக்கு இது இரண்டு நிமிட வேலை. ‘பில்லு ஊர்ல இருக்குதுண்ணா, நீங்க எடுத்துக்கங்க, அப்புறம் வாட்ஸ்அப்ல அனுப்புறேன்’ என்றால், பில் வந்த பிறகே பார்க்க வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

டோக்கன் அட்வான்ஸ் 500 ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். ‘இன்னும் நாலு பேர் கேட்கிறாங்க’ என்று அவசரப்படுத்துவது இந்த மோசடியின் முதல் அடையாளம். ராணுவத்தில் அல்லது சிஐஎஸ்எஃப்பில் இருப்பதாகவும், திடீரென்று மாற்றல் வந்துவிட்டதாகவும் சொல்லி, சீருடைப் படமும் ஐடி கார்டும் அனுப்பி, பார்சல் செலவுக்கு முன்பணம் கேட்பது நாடு முழுக்க நடக்கும் பழைய தந்திரம். அந்த ஐடி வேறு யாரோ ஒருவருடையது. கூரியர் சார்ஜ், பிறகு ஜிஎஸ்டி, பிறகு ‘ரிலீஸ் கட்டணம்’ என்று கேட்டுக்கொண்டே போவார்கள். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி க்யூஆர் கோடு அனுப்பினால் அதோடு பேச்சை நிறுத்துங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும்.

வேலூருக்கே உரிய ஒரு நிலைமையும் இருக்கிறது. சிஎம்சிக்கு வெளி மாநிலங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வந்து லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்க்கின்றன. கையில் பணம் தீர்ந்து, இருப்பதை விற்கிற நிலை உண்மையாகவே வரலாம். அதே காரணத்தைச் சொல்லிக்கொண்டு திருட்டுப் பொருளை நீட்டுகிறவரும் வரலாம். மனசு இளகுவது தவறில்லை, ஆனால் பில்லையும் அடையாள அட்டையையும் கேட்பதை விடக் கூடாது. உண்மையிலேயே கஷ்டத்தில் இருப்பவர் தங்கள் லாட்ஜ் முகவரியையும் ஆதாரையும் காட்டத் தயங்க மாட்டார்.

எங்கே சந்திப்பது என்பதும் முக்கியம். விற்பவரின் வீடு, அல்லது அவர் தங்கியிருக்கும் ஹாஸ்டல் வாசல் என்றால் ஆளுக்கும் முகவரிக்கும் ஒரு தொடர்பு கிடைக்கும். முடியாவிட்டால் பிளக் பாயிண்ட் உள்ள காபி கடை போதும். கிரீன் சர்க்கிள் நெரிசலிலும் காட்பாடி ஜங்ஷன் வாசலிலும் நின்றபடி வாங்கவே வேண்டாம். அங்கே நிதானமாகச் சோதிக்க முடியாது. காட்டியது ஒரு பையும் கைக்கு வருவது வேறு பையுமாக மாற்றிக் கொடுக்கும் வித்தைக்கும் அந்த மாதிரி இடம்தான் வசதி. கூட ஒருவரை அழைத்துப் போங்கள். பகலில் போங்கள்.

சீரியல் நம்பர் மூன்று இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்

முதலில் ஒன்றும் சொல்லாமல் லேப்டாப்பை விற்பவர் கையில் கொடுத்து, ‘ஓபன் பண்ணுங்க’ என்று சொல்லுங்கள். தன் சொந்த லேப்டாப்பின் பின்னையோ பாஸ்வேர்டையோ யாரும் மறப்பதில்லை. உள்ளே திறந்ததும் வேறு ஒருவர் பெயரில் கணக்கு இருந்தால் அவர் யார் என்று கேளுங்கள். ஃபார்மேட் செய்து வந்திருந்தால் அது தப்பில்லை, ஆனால் அப்போது பில்லின் மேல்தான் முழுப் பாரமும்.

அடுத்து பயாஸ், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கக்கூடிய அடிப்படை செட்டிங்ஸ் திரை. லேப்டாப்பை ஆஃப் செய்து, ஆன் செய்யும்போது டெல், ஏசர், ஆசஸ் என்றால் எஃப்2, ஹெச்பி என்றால் எஃப்10, லெனோவா திங்க்பேட் என்றால் எஃப்1 கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். வரும் திரையில் மாடலும் சீரியல் நம்பரும் இருக்கும். டெல்லில் அதன் பெயர் சர்வீஸ் டேக், 7 எழுத்தும் எண்ணும் கலந்தது. லேப்டாப்பைத் திருப்பி அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். பிறகு பில்லைப் பாருங்கள். மூன்றிலும் ஒரே நம்பர் இருக்க வேண்டும்.

ஸ்டிக்கரைச் சும்மா படித்துவிட்டு நகராதீர்கள், விரல் நகத்தால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். மூன்று வருடம் மேஜையில் உரசிய லேப்டாப்பின் அடிப்பகுதி தேய்ந்து பளபளப்பாக இருக்கும்போது ஸ்டிக்கர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய ஸ்டிக்கரைச் சுரண்டிய இடத்தில் பசை பிசுபிசுக்கும், அதைச் சுற்றி அழுக்குக் கோடு செவ்வகமாகத் தெரியும். டெல் ஸ்டிக்கரில் சர்வீஸ் டேக்கோடு எக்ஸ்பிரஸ் சர்வீஸ் கோடு என்று நீளமான எண் ஒன்றும் இருக்கும். அது தனி நம்பர் அல்ல. அந்த 7 எழுத்தையே கணக்குப்படி எண்ணாக மாற்றியது. மாற்றிக் காட்டும் கால்குலேட்டர் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஸ்டிக்கர் போலி.

பயாஸில் நம்பர் காலியாக இருந்தாலோ வேறாக இருந்தாலோ இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, வெளிக் கடையில் மதர்போர்டு மாற்றி நம்பர் ஏற்றாமல் விட்டது. மற்றொன்று, அடையாளத்தை மறைக்க வேண்டுமென்றே செய்தது. எது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அந்த லேப்டாப்பை விட்டுவிடுவதே நல்லது.

நம்பர் பொருந்தினால் அந்தந்தக் கம்பெனியின் வாரண்டி பக்கத்தில் போட்டுப் பாருங்கள். வாரண்டி தொடங்கிய தேதி, மாடல் போன்றவை வரும். டெல்லில் எந்தத் தேதியில், எந்த நாட்டுக்கு அனுப்பியது என்பதும் தெரியும். கம்பெனியிலிருந்து லேப்டாப் கிளம்பிய தேதிக்கு முந்தைய தேதியில் பில் இருந்தால் அந்தப் பில் பொய்.

பில்லைச் சோதிக்கும் விதம் தனி. பிடிஎஃப்பில் பெயரையும் நம்பரையும் மாற்றுவது போன் வைத்திருக்கிற எவருக்கும் முடிகிற காரியம். ஆன்லைனில் வாங்கியது என்றால், அவர் போனிலேயே ஆப்பைத் திறந்து ‘மை ஆர்டர்ஸ்’ பகுதியில் அந்த ஆர்டரைக் காட்டச் சொல்லுங்கள், பில்லை உங்கள் கண் முன்னால் டவுன்லோடு செய்யட்டும். கடை பில் என்றால் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் கடையின் பெயரும் முகவரியும் வரும். முதல் 2 இலக்கம் மாநிலத்தைச் சொல்லும். தமிழ்நாடு 33, கர்நாடகா 29, ஆந்திரா 37. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடை பில் என்று நீட்டிய தாளில் எண் 29-இல் ஆரம்பித்தால் ஏதோ இடிக்கிறது. மாணவர்களின் லேப்டாப் பில் அப்பா பெயரில் இருப்பது சகஜம். காலேஜ் ஐடி கார்டைப் பாருங்கள், அப்பாவிடம் வீடியோ காலில் ஒரு வார்த்தை பேசுங்கள். தவணையில் வாங்கியதா, பாக்கி உண்டா என்றும் அவரிடமே கேட்டுவிடலாம்.

கம்பெனி லேப்டாப், அரசு லேப்டாப்

சென்னை, பெங்களூரு ஐடி கம்பெனிகளின் லேப்டாப்புகள் வேலூருக்கு நிறைய வருகின்றன. லீஸ் முடிந்து முறையாக ஏலத்தில் போனவையும் உண்டு, வேலையை விட்டவர் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டவையும் உண்டு. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். உள்ளே வித்தியாசம் தெரியும்.

விண்டோஸ் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் போய் ‘ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்’ பகுதியைத் திறங்கள். கம்பெனிப் பெயர் இருந்தால் லேப்டாப் இன்னும் அவர்கள் பிடியில் இருக்கிறது. இங்கே ஒன்றும் இல்லாவிட்டாலும் நிம்மதி அடைய வேண்டாம். பல கம்பெனிகள் ஆட்டோபைலட் என்ற முறையில் லேப்டாப்பின் வன்பொருள் அடையாளத்தையே மைக்ரோசாஃப்ட்டிடம் பதிந்து வைத்திருக்கும். இன்டர்நெட் இல்லாமல் விண்டோஸ் போட்டால் அது தெரியாது, சுத்தமான லேப்டாப் போலவே ஓடும். நீங்கள் ஆறு மாதம் கழித்து ரீசெட் செய்து வைஃபையில் இணைத்ததும் கம்பெனிப் பெயரோடு ஆபீஸ் ஈமெயில் கேட்கும் திரை வந்து நிற்கும். ஆகவே பணம் கொடுக்கும் முன் ரீசெட் செய்ய வையுங்கள். ‘ரிமூவ் எவ்ரிதிங்’ தேர்ந்தெடுத்து, முடிந்ததும் உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, யாருடைய பெயரும் கேட்காமல் புதுக் கணக்கு கேட்கிற திரை வரை போகட்டும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். அவசரம் என்று சொல்லி இதை மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

பயாஸில் இன்னும் இரண்டு பார்க்க வேண்டும். அட்மின் பாஸ்வேர்டு கேட்டால் வேண்டாம். பழைய லேப்டாப் போல உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியைக் கழற்றி வைத்தால் போய்விடும் என்பார்கள், இப்போதைய பிசினஸ் மாடல்களில் அது நடக்காது. செக்யூரிட்டி பகுதியில் ‘ஆப்சல்யூட்’ அல்லது ‘கம்ப்யூட்ரேஸ்’ என்பது ஆக்டிவேட் ஆகியிருந்தால் அதுவும் வேண்டாம். தொலைந்த லேப்டாப்பைத் தேடுவதற்கான ஏற்பாடு அது. ஹார்டு டிஸ்க்கை மாற்றினாலும் திரும்ப வந்து உட்காரும்.

மேக்புக் என்றால் இதே சோதனை இன்னும் கறாராக. விற்பவர் தன் ஆப்பிள் ஐடியிலிருந்து வெளியேறி, தொலைந்த மெஷினைத் தேடும் ‘ஃபைண்ட் மை’ வசதியை அணைத்து, முழுக்க எரேஸ் செய்து, வைஃபையில் இணைத்துக் காட்ட வேண்டும். 2018 முதல் வந்த டி2 சிப் மாடல்களிலும் எம்1 முதலான மாடல்களிலும் ஆக்டிவேஷன் லாக் இருந்தால் பழைய சொந்தக்காரர் இல்லாமல் திறக்க முடியாது. ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ என்று திரை வந்தால் அது கம்பெனிச் சொத்து.

மூடியில் தமிழ்நாடு அரசு முத்திரை உள்ள லேப்டாப் குறைந்த விலைக்கு வந்தால் தொடவே வேண்டாம். 2011 முதல் மாணவர்களுக்குப் படிப்பதற்காக அரசு கொடுத்தது அது, விற்பதற்கு அல்ல. மூடியில் ஸ்டிக்கரோ தோல் மாதிரி ஸ்கின்னோ ஒட்டியிருந்தால் ஒரு மூலையை உரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மெஷினைப் பார்ப்பது

‘கோர் ஐ7’ என்ற வார்த்தையில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஐ7 என்பது தரவரிசை மட்டும்தான், எந்த வருடத்தியது என்பதை அதற்கு அடுத்து வரும் எண் சொல்லும். ஐ7-4600யூ என்றால் 4-ஆம் தலைமுறை, ஐ5-8250யூ என்றால் 8-ஆம் தலைமுறை, ஐ5-1135ஜி7 என்றால் 11-ஆம் தலைமுறை. இதில் முதலாவதை விட இரண்டாவது எவ்வளவோ மேல். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்பது, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, இன்டெல் 8-ஆம் தலைமுறையும் அதற்கு மேலும், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு. 6, 7-ஆம் தலைமுறை லேப்டாப்பில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றி விற்பது இப்போது அதிகம், அப்டேட் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. புராசஸர் பெயரை விண்டோஸில் மட்டும் பார்க்காதீர்கள், அங்கே பெயரைத் திருத்திக் காட்ட முடியும். பயாஸில் பாருங்கள்.

பேட்டரிக்கு, கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து ஆங்கிலத்தில் அடித்தால் ஓர் அறிக்கை சேமிக்கப்படும். அதில் ‘டிசைன் கெப்பாசிட்டி’, ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’ இரண்டையும் ஒப்பிடுங்கள். 50,000-க்கு 40,000 என்றால் 80 சதவீதம், பழைய லேப்டாப்புக்கு அது நல்லது. 60-க்குக் கீழே என்றால் புதுப் பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். சமதளத்தில் வைத்தால் ஆடுகிறதா, டச்பேட் மேலெழும்பி இருக்கிறதா என்றும் பாருங்கள். வேலூர் வெயிலில் காரிலும் மொட்டை மாடி அறையிலும் கிடந்த பேட்டரி உப்பும். உப்பிய பேட்டரியை ஒரு நாள்கூடப் பயன்படுத்தக் கூடாது, தீப்பிடிக்கும்.

ஆன் செய்யும்போது டெல்லில் எஃப்12 அழுத்தி டயக்னாஸ்டிக்ஸ், ஹெச்பியில் எஃப்2 அழுத்தினால் கம்பெனியே வைத்திருக்கும் சோதனை ஓடும், அது சொல்வதை நம்பலாம். எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியது, உடல்நிலை எத்தனை சதவீதம் என்பதை கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் காட்டும், ஒரு பென் டிரைவில் கொண்டு போங்கள். அதே பென் டிரைவை எல்லா யூஎஸ்பி போர்ட்டிலும் செருகிப் பாருங்கள். நோட்பேடில் ஒவ்வொரு கீயும், பிறகு கேமரா, மைக், ஸ்பீக்கர், வைஃபை. வெள்ளைத் திரையிலும் கறுப்புத் திரையிலும் புள்ளி, கறை. ஹிஞ்சை மெதுவாகத் திறந்து மூடும்போது சத்தம் வந்தால் உடையப் போகிறது. ஏசி போட்ட அறையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், 20 நிமிடமாவது வீடியோ ஓட விட்டு ஃபேன் சத்தத்தையும் அடிச்சூட்டையும் பாருங்கள். டெல்லுக்கு டூப்ளிகேட் சார்ஜர் போட்டால் அடாப்டரை அடையாளம் தெரியவில்லை என்று எச்சரிக்கை வரும். சார்ஜும் ஏறாது, வேகமும் குறையும்.

பணமும் கடிதமும்

முழுத் தொகையையும் யுபிஐயில் கொடுங்கள். அனுப்பும் முன் திரையில் வரும் பெயர், அடையாள அட்டையில் உள்ள பெயராக இருக்க வேண்டும். ‘என் ஃப்ரெண்ட் நம்பருக்குப் போட்டுடுங்கண்ணா’ என்றால் மறுத்துவிடுங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்றால், 5,000 ரூபாய்க்கு மேல் பணம் பெற்றதற்கான ரசீதில் 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து வாங்குங்கள். எப்படிக் கொடுத்தாலும் ஒரு கடிதம் எழுதிக்கொள்ள வேண்டும். இப்படி:

“(முகவரி) என்ற முகவரியில் வசிக்கும் (பெயர்), த/பெ (பெயர்) ஆகிய நான், எனக்குச் சொந்தமான டெல் லேட்டிட்யூட் 5400 லேப்டாப் (சர்வீஸ் டேக் …), 65 வாட் சார்ஜர் ஆகியவற்றை இன்று (தேதி, நேரம்) (வாங்குபவர் பெயர்) அவர்களுக்கு ரூ. … (எழுத்தில் …) விலைக்கு விற்று, யுபிஐ பரிவர்த்தனை எண் … மூலம் பணம் பெற்றுக்கொண்டேன். இது திருட்டுப் பொருள் அல்ல, எந்த நிறுவனத்துக்கும் சொந்தமானதல்ல, தவணை பாக்கி இல்லை. இதன் உரிமையில் வில்லங்கம் வந்தால் முழுத் தொகையையும் திருப்பித் தருகிறேன்.”

இரண்டு பேர் கையெழுத்து, ஒரு சாட்சி, போன் நம்பர், அடையாள அட்டையின் நகல். ஆதார் என்றால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க் செய்த நகல் போதும். திருட்டுப் பொருள் விற்கிறவர்களில் பலர் இந்தக் கடிதத்தை எடுத்ததுமே நழுவப் பார்ப்பார்கள். ஆகவே பேரம் முடிந்த பிறகு எழுத வேண்டும் என்று காத்திருக்காமல், ஆரம்பத்திலேயே ‘கடிதம் எழுதித்தான் வாங்குவேன்’ என்று சொல்லிவிடுங்கள்.

கடையில் வாங்கினால் இவ்வளவு பாடு இல்லை, ஆனால் பில்லில் ‘யூஸ்டு லேப்டாப் - 1’ என்று மட்டும் எழுதித் தருவதை ஏற்காதீர்கள். மாடல், சீரியல் நம்பர், டெஸ்டிங் வாரண்டி எத்தனை நாள், அதில் எதெல்லாம் அடங்கும் என்பது எழுத்தில் வேண்டும். வாய் வார்த்தையாகச் சொன்ன ஒரு மாத வாரண்டி, பேட்டரி போனதும் ‘அது பேட்டரிக்கு இல்லைங்க’ என்று ஆகிவிடும்.

பிறகு சிக்கல் வந்தால்

பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள், சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதியுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால், பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். பரிவர்த்தனை எண், அந்த ஆளின் நம்பர், சாட் ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள்.

வாங்கிய லேப்டாப் திருட்டுப் பொருள் என்று பிறகு தெரியவந்தால், அதை இன்னொருவருக்கு விற்றுக் கைகழுவ நினைக்காதீர்கள். தெரிந்த பிறகு விற்றால் குற்றம் உங்கள் மேல் வரும். ஃபார்மேட்டும் செய்ய வேண்டாம். கடிதம், பில் நகல், யுபிஐ பதிவு, சாட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போங்கள். ரயிலிலோ காட்பாடி ஜங்ஷனிலோ தொலைந்தது என்று தெரிந்தால் புகார் ரயில்வே போலீஸிடம் இருக்கும், அங்கேயும் சொல்லுங்கள். லேப்டாப்பை ஒப்படைக்கும்போது சீரியல் நம்பரோடு எழுத்தில் ஒப்புகை கேட்டு வாங்குங்கள். விற்றவர் மேல் மோசடிப் புகார் கொடுக்கவும், பணத்தைத் திருப்பிக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பவும் அந்த ஒப்புகை வேண்டியிருக்கும்.